செக்கை அளந்த வேதியியலாளர்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் வழியாகப் பயணம் செய்பவர்கள் ‘மரச்செக்கு எண்ணெய்’ என்னும் பெயர்ப்பலகையைப் பல இடங்களில் காணலாம். இருபது ஆண்டுகளுக்கு முன் இந்தப் புறநகரில் அத்தகைய கடைகள் அரிது. இன்று வாகை மரத்தில் கடைந்த செக்கு மின்மோட்டாரில் சுழல்வதைக் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டு, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிச் செல்லும் நடுத்தரக் குடும்பங்கள் பெருகிவிட்டன. அதே தெருக்களில் உள்ள நியாயவிலைக் கடைகளில் மாதந்தோறும் பாமாயில் பாக்கெட் 25 ரூபாய்க்கு வழங்கப்படுகிறது. அதற்கும் வரிசை உண்டு.

செக்கெண்ணெய் வாங்குபவர்களில் பலர் மற்ற எண்ணெய்களை நஞ்சு என்றே நம்புகிறார்கள். நவீன ஆலைகளை ஆதரிப்பவர்கள் செக்கை வெறும் ஏக்கம் என்று தள்ளுகிறார்கள். எண்ணெய்வித்துச் சந்தைகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்து, தாம்பரம் பகுதியில் நெடுங்காலம் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், இந்த வாதங்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒருவருடைய நினைவு வருகிறது. எண்ணெயின் மூலக்கூறு அமைப்பை ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்தவரும், கிராமத்துச் செக்கின் வரலாற்றை நூலாக எழுதியவரும் ஒரே மனிதர். அவர் பெயர் கே.டி. அச்சயா. சென்னையில் படித்தவர். உணவு வரலாற்றாசிரியராக உலகம் அறிந்த அவரை, எண்ணெய் வேதியியலாளராக அறிந்தவர்கள் குறைவு.

கொள்ளேகாலிலிருந்து கடற்கரைக்கு

கொங்காண்ட தம்மு அச்சயா 1923 அக்டோபர் 6 அன்று கொள்ளேகாலில் பிறந்தார். கொள்ளேகால் என்றதும் மாந்திரீகத்தை நினைப்பவர்கள் நம்மிடையே உண்டு. உண்மையில் அது பட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கிருந்த அரசுப் பட்டுப் பண்ணையில் அவருடைய தந்தை கண்காணிப்பாளராக இருந்தார். அந்நாளில் கொள்ளேகால் சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதுதான் மைசூர் மாநிலத்துடன் இணைந்தது. எனவே சென்னைக்கு வந்து படிப்பது அவருக்குத் தம் மாகாணத்தின் தலைநகருக்கு வருவதாகவே இருந்தது.

கடற்கரையை ஒட்டிய மாநிலக் கல்லூரியில் வேதியியல் பயின்று 1943-இல் பட்டம் பெற்றார். போர்க்காலச் சென்னை அது. 1942-இல் ஜப்பானியத் தாக்குதலுக்கு அஞ்சி நகரத்தில் பெரும்பகுதியினர் வெளியேறியிருந்தனர். அவர் பட்டம் பெற்ற ஆண்டில்தான் வங்கப் பஞ்சம் லட்சக்கணக்கானோரைப் பலிகொண்டது. உணவைப் பற்றிய அறிவியல் அந்தத் தலைமுறைக்கு நாட்டின் உயிர்ப்பிரச்சினையோடு பிணைந்ததாக இருந்தது. அச்சயா பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் மூன்று ஆண்டுகள் ஆய்வு செய்துவிட்டு, 1946-இல் இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்.

கொழுப்புப் பஞ்சத்தின் நடுவே

ஏன் லிவர்பூல்? கொழுப்பு வேதியியலில் அன்று உலகின் முதன்மையான ஆசிரியர்களுள் ஒருவரான தாமஸ் பெர்சி ஹில்டிச் அங்கு இருந்தார். சோப்புத் தொழிற்சாலை ஒன்றில் ஆய்வாளராகப் பணிபுரிந்து, பின்னர் பேராசிரியரானவர் அவர். இயற்கைக் கொழுப்புகளின் வேதியியல் அமைப்பைப் பற்றி 1940-இல் அவர் வெளியிட்ட நூல் அத்துறையின் அடிப்படை நூலாயிற்று. மேற்கு ஆப்பிரிக்கப் பாமாயில் இறங்கும் பழைய துறைமுகமும் லிவர்பூலே.

அச்சயா அங்கு இருந்த ஆண்டுகளில் பிரிட்டன் கொழுப்புப் பஞ்சத்தில் தவித்தது. போர் முடிந்த பின்னும் வெண்ணெயும் மார்கரினும் சமையல் கொழுப்பும் பங்கீட்டு அட்டைக்கே கிடைத்தன. அந்தப் பங்கீடு 1954 வரை நீடித்தது. அதைப் போக்கவே பிரிட்டிஷ் அரசு, இன்றைய தான்சானியாவில் லட்சக்கணக்கான ஏக்கர் புதர்க்காட்டைத் திருத்தி நிலக்கடலை பயிரிடத் திட்டமிட்டது. மண்ணையும் மழையையும் முறையாக அறியாமல் தொடங்கிய அந்தத் திட்டம் பெரும் பொருளிழப்புடன் 1951-இல் கைவிடப்பட்டது. வளர்ச்சிப் பொருளியல் வகுப்பில் அதை எடுத்துக்காட்டாக நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒரு பேரரசே எண்ணெய்க்காக அலைந்த காலத்தில், எண்ணெய் என்றால் என்ன என்று ஓர் இந்திய மாணவர் ஆய்வுக்கூடத்தில் கற்றுக்கொண்டிருந்தார்.

அந்தக் கேள்வி எளிதன்று. எந்த எண்ணெயாயினும் அதன் பெரும்பகுதி டிரைகிளிசரைடு. கிளிசரால் என்னும் சிறு முதுகெலும்பில் மூன்று கொழுப்பு அமிலங்கள் தொங்கும். எந்த அமிலங்கள், என்ன விகிதத்தில் என்பதே தேங்காயெண்ணெயையும் நல்லெண்ணெயையும் வேறுபடுத்துகிறது. தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. மார்கழிக் குளிரில் அது உறைவது அதனால்தான். நல்லெண்ணெயில் நிறைவுறாத அமிலங்களே மிகுதி. ஆயினும் எள்ளுக்கே உரிய சில பொருள்கள் அதைக் காற்றில் எளிதில் காறிப்போகாமல் காக்கின்றன. ஒவ்வொரு தாவரக் குடும்பத்தின் விதைக்கும் அதற்கென ஒரு கொழுப்பு முத்திரை உண்டு என்பதையும், அமிலங்கள் மூலக்கூறுகளுக்கிடையே எவ்வாறு பகிர்ந்தமைகின்றன என்பதையும் ஹில்டிச்சின் மாணவர்கள் ஆராய்ந்தனர்.

இன்று வாயு குரோமட்டோகிராஃபி கருவியில் சிறு துளியைச் செலுத்தினால் ஒரு மணி நேரத்துக்குள் அமிலங்களின் பட்டியல் கிடைத்துவிடும். அந்தக் கருவிமுறை 1952-இல்தான் வந்தது. அதற்கு முன், கொழுப்பை அசிட்டோனில் கரைத்து, கடுங்குளிரில் படிப்படியாகப் படிகமாக்கிப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் மீண்டும் வடித்துப் பகுத்து அளக்க வேண்டும். ஒரு மாதிரிக்கு வாரக்கணக்கில் உழைப்பு. அச்சயா எடுத்துக்கொண்ட பொருள் பசு, எருமை ஆகியவற்றின் பாற்கொழுப்பு. அதில் 1949-இல் முனைவர் பட்டம் பெற்றார். ஹில்டிச்சுடன் அவர் எழுதிய கட்டுரை அடுத்த ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளிவந்தது. எருமைப்பால் அருந்தும் நாட்டிலிருந்து சென்றவர், நம் வீட்டு நெய்யை உலக அறிவியலின் மேசையில் வைத்தார் எனலாம்.

விளக்கெண்ணெயும் பருத்திக்கொட்டையும்

நாடு திரும்பிய அச்சயா 1950-இல் ஐதராபாத் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். நிஜாம் அரசின் காலத்தில் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் பின்னர் மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆய்வுக் குழுமத்தின்கீழ் வட்டார ஆய்வுக்கூடமாயிற்று. இன்று இந்திய வேதித் தொழில்நுட்பக் கழகம் என்ற பெயரில் இயங்குகிறது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கு அவர் தாவர எண்ணெய்களை ஆராய்ந்தார்.

அவருடைய ஆய்வுப் பொருள்களைக் கவனித்தால் ஓர் ஒழுங்கு தெரியும். நாட்டில் மிகுதியாக விளைந்தும் முழுப் பயன் பெறாத வித்துகளின் பக்கமே அவர் சென்றார். முதலாவது ஆமணக்கு. மந்தமானவரை விளக்கெண்ணெய் என்று நாம் கேலி செய்கிறோம். வேதியியலில் அது சுறுசுறுப்பான எண்ணெய். அதன் அமிலங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ரிசினோலிக் அமிலம். அந்த அமிலத்தில் உள்ள கூடுதல் ஹைட்ராக்சில் தொகுதி மற்றச் சமையல் எண்ணெய்களில் கிடையாது. அந்த ஓர் இணைப்பின் காரணமாக விளக்கெண்ணெயிலிருந்து பெயின்ட், மசகுப்பொருள், பிளாஸ்டிக், ஒரு வகை நைலான் வரை செய்யலாம். ஐதராபாத்தைச் சுற்றிய வறண்ட மாவட்டங்களில் அன்று ஆமணக்கு விரிவாக விளைந்தது. விதையாகவும் எண்ணெயாகவும் மலிவாக ஏற்றுமதி செய்துவிட்டு, அதிலிருந்து செய்த பொருள்களை விலை கொடுத்து வாங்கும் நிலை மாற வேண்டுமானால் அந்த வேதியியல் இங்கே வளர வேண்டும். விளக்கெண்ணெயின் வேதிப் பெறுதிகளைத் தொகுத்து 1971-இல் அமெரிக்க எண்ணெய் வேதியியலாளர் சங்க இதழில் அவர் எழுதிய கட்டுரை இன்றும் ஆய்வாளர்களால் எடுத்தாளப்படுகிறது. உலக ஆமணக்கு உற்பத்தியில் மிகப்பெரும் பங்கு இன்று இந்தியாவினுடையது.

இரண்டாவது பருத்திக்கொட்டை. பஞ்சைப் பிரித்தபின் எஞ்சும் கொட்டையை நம் உழவர்கள் அப்படியே மாட்டுக்கு வைத்தார்கள். மதுரையில் பருத்திப்பாலாகக் காய்ச்சி மனிதரும் குடித்தார்கள். அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் உள்ளது. மாட்டுக்கு எண்ணெய் வேண்டியதில்லை, பிண்ணாக்கே போதும் என்பது கணக்கு. ஆனால் கொட்டையில் காசிபால் என்னும் நச்சு நிறமியும் உண்டு. அதை நீக்கினால்தான் எண்ணெய் மனிதருக்கு ஆகும். மேல்தோலில் ஒட்டிய குறும்பஞ்சுக்கும் தனி மதிப்பு உண்டு. ஒரே கொட்டையில் எண்ணெய், தீவனம், நார் என்று எத்தனை பொருள்கள் வீணாகின்றன என்பதைக் கணக்கிட்டுச் சொன்னவர்களில் அச்சயா முக்கியமானவர். பருத்திக்கொட்டையின் வேதியியலையும் தொழில்நுட்பத்தையும் இந்தியச் சூழலில் வைத்து அவர் எழுதிய பெருநூல் 1975-இல் வெளிவந்தது. பருத்தி விதை எண்ணெய் இன்று நாட்டின் முக்கியமான உள்நாட்டு எண்ணெய்களுள் ஒன்று.

புரதத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும்

1971-இல் அச்சயா ஆய்வுக்கூடத்தை விட்டு பம்பாய்க்குச் சென்று, புரத உணவுகளை ஊக்குவிக்கத் தொழில்துறையினர் அமைத்திருந்த சங்கத்தின் செயல் இயக்குநரானார். எண்ணெய் வேதியியலாளருக்கும் புரதத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் பிண்ணாக்கில்தான் புரதம் இருக்கிறது. நிலக்கடலை மாவோடு கடலை மாவைச் சேர்த்து மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆய்வுக் கழகம் உருவாக்கிய பல்நோக்கு உணவு அந்தக் காலத்தின் பெரிய நம்பிக்கைகளில் ஒன்று.

ஏழை நாடுகளின் பெருங்குறை புரதப் பற்றாக்குறையே என்று 1960-களில் ஐக்கிய நாடுகள் சபை வரை பேசப்பட்டது. எழுபதுகளில் அந்தக் கருத்து ஆட்டம் கண்டது. புள்ளியியல் அறிஞர் பி.வி. சுகாத்மே உள்ளிட்டோர், ஏழைக்குக் குறைவது புரதம் மட்டுமன்று, மொத்த உணவே என்று காட்டினர். வயிறு நிறையச் சோறும் பருப்பும் கிடைத்தால் புரதக் குறையில் பெரும்பகுதி தானே தீரும். நிலக்கடலையில் பூஞ்சையால் உண்டாகும் அஃப்லாடாக்சின் என்னும் நச்சு 1960-களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டதும் பிண்ணாக்கு மாவை மனித உணவாக்கும் முயற்சிக்குத் தடையாயிற்று. அந்த அலை வடிந்த ஆண்டுகளில்தான் அச்சயா பம்பாயில் இருந்தார்.

பொருளியலாளன் கண்ணுக்கு அவர் வாழ்வின் இந்தப் பகுதி முக்கியமானது. உணவில் என்ன இருக்கிறது என்பதை வேதியியல் சொல்லும். அது யாருடைய தட்டுக்குச் செல்கிறது என்பதைக் கூலியும் விலையும் பழக்கமும் தீர்மானிக்கும். 1977-இல் அவர் மைசூருக்குச் சென்று, உணவுத் தொழில்நுட்ப ஆய்வுக் கழகத்தில் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் பயிற்சித் திட்டத்தில் 1983 வரை பணியாற்றினார். அதன்பின் அவர் எழுதியவை அனைத்தும், மக்கள் எதை, எப்போதிருந்து, ஏன் உண்கிறார்கள் என்ற கேள்வியைச் சுற்றியே அமைந்தன.

அறுபதுக்கு மேல் ஒரு புதிய துறை

அறுபது வயதில் ஓய்வு பெறும் அறிவியலாளர் வழக்கமாகப் பழைய ஆய்வுகளைத் தொகுப்பார், குழுக்களில் அமர்வார். அச்சயா வரலாற்றுக்குள் நுழைந்தார். இந்தியாவின் எண்ணெய்வித்துகளையும் எண்ணெய் ஆட்டும் தொழிலையும் பண்பாட்டு வரலாறாக விவரிக்கும் நூலை 1990-இல் வெளியிட்டார். செக்கைப் பற்றி மட்டும் ஒரு நூலை 1993-இல் எழுதினார். 1994-இல், எழுபது வயதைக் கடந்த நிலையில், ஆக்ஸ்போர்டு பதிப்பகம் வழியாக இரண்டு நூல்கள்: இந்திய உணவின் வரலாறு ஒன்று, ஆங்கிலேயர் ஆட்சிக்கால உணவுத் தொழில்கள் பற்றியது மற்றொன்று. 1998-இல் இந்திய உணவு வரலாற்று அகராதி. 2002 செப்டம்பர் 5 அன்று அவர் மறைந்தார்.

அவருடைய செக்கு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. தமிழில் செக்கு, தெலுங்கில் கானுக, மராத்தியிலும் குஜராத்தியிலும் காணி, வட இந்தியாவில் கோலு என்று பெயர் மாறும் அந்தப் பொறியை, வேதியியல் கருவி ஒன்றை விவரிப்பதுபோல் அவர் விவரித்தார். உரலின் குழி எப்படி, உலக்கை எந்தச் சாய்வில் நிற்கிறது, ஒற்றை மாடா இரட்டை மாடா, எண்ணெய் அடித்துளை வழியே வடிகிறதா, மேலிருந்து துணியில் ஒற்றி எடுக்கப்படுகிறதா என்று வட்டாரம் வட்டாரமாகப் பதிவு செய்தார். தென்னாட்டுச் செக்கு உருவில் பெரியது; ஒரு முறைக்கு அதிக வித்தை ஏற்கும்; இரட்டை மாடு பூட்டப்படும். ஆட்டும்போது சிறிது நீர் தெளிப்பது ஏன் என்பதற்கும் காரணம் உண்டு: ஈரம் பட்டால்தான் எண்ணெய்த் துளிகள் ஒன்றுகூடிப் பிரியும். நம் பக்கத்தில் எள்ளோடு கருப்பட்டி சேர்ப்பதும் பிண்ணாக்கு இறுகி எண்ணெய் பிரிந்து வர உதவும் கைப்பக்குவம். செக்காட்டிகள் தலைமுறை தலைமுறையாகக் கையால் அறிந்திருந்ததை அவர் காரணத்தோடு எழுத்தில் வைத்தார்.

தமிழர் வரலாற்றில் செக்கு சிறிய பொருளன்று. எள்ளின் நெய் என்பதே எண்ணெய் ஆயிற்று. எந்த வித்தில் பிழிந்தாலும் எள்ளின் பெயரையே நாம் சொல்கிறோம். செக்கிறை என்னும் வரியைச் சோழர் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. ஊரார் பயன்படுத்தச் செய்தளித்த கல்செக்குகள் எழுத்துப் பொறிப்புடன் தமிழகத்தின் பல ஊர்களில் கிடைத்துள்ளன. கோவைச் சிறையில் வ.உ.சிதம்பரனார் இழுத்த செக்கை, கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் தென்சென்னைப் பள்ளிப் பிள்ளைகள் பார்த்துச் செல்கிறார்கள். மாடு இழுக்க வேண்டியதை மனிதனை இழுக்க வைத்த கொடுமையாக அதை நினைவுகூர்கிறோம். அந்தப் பொறிக்குத் தனி வரலாறு இருப்பதை அச்சயா சொல்லித்தான் பலர் அறிந்தோம்.

உணவு வரலாற்றில் அவர் கூறியவை எல்லாம் ஏற்கப்பட்டவை அல்ல. இட்லியை எடுத்துக்கொள்வோம். பத்தாம் நூற்றாண்டுக் கன்னட நூலில் இட்டலிகெ என்னும் பண்டம் வருகிறது. ஆனால் அரிசி சேர்ப்பது, மாவைப் புளிக்க வைப்பது, ஆவியில் வேகவைப்பது ஆகிய மூன்றும் பழைய குறிப்புகளில் தெளிவாக இல்லை. எனவே இந்தோனேசியத் தொடர்பின் வழியாக அந்த நுட்பம் வந்திருக்கலாம் என்று அவர் ஊகித்தார். தமிழர், கன்னடர் இருவரையுமே இந்த ஊகம் சீண்டியது. மறுத்து எழுதியோர் பலர். ஆயினும் அவர் எந்தச் சான்றிலிருந்து எந்த முடிவுக்கு வந்தார் என்பது கண்ணுக்கு முன் இருப்பதால்தான் மறுக்கவும் முடிகிறது. நம் அடுக்களையின் ஒவ்வொரு பொருளுக்கும் ஐயாயிரம் ஆண்டுப் பழமை கற்பிக்கும் இன்றைய வழக்கத்துக்கு அது நேர்மாறானது. விழுப்புரம் பக்கத்தில் நிலக்கடலையை மல்லாட்டை என்கிறார்கள். மணிலாக் கொட்டை என்பதன் திரிபு அது. தென் அமெரிக்காவில் தோன்றிய பயிரின் பயணம் உழவரின் சொல்லிலேயே பதிந்திருக்கிறது. வந்த பயிர் என்பதால் அதன்மீது நமக்குள்ள உரிமை குறைந்துவிடுவதில்லை. தாம்பரத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆய்வு நிலையம் 1940-இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 என்ற நிலக்கடலை ரகம் நாட்டின் பல மாநிலங்களிலும் பல பத்தாண்டுகள் பயிரானது.

1994: இரண்டு நிகழ்வுகள்

அச்சயாவின் உணவு வரலாறு வெளிவந்த 1994, எண்ணெய்ப் பொருளாதாரத்திலும் திருப்புமுனை ஆண்டு. 1986-இல் தொடங்கிய எண்ணெய்வித்துத் தொழில்நுட்ப இயக்கம் நல்ல விதை, விலை உறுதி, பதப்படுத்தும் நுட்பம் ஆகியவற்றை ஒன்றாகக் கொண்டுவந்தது. 1985-86-இல் ஏறத்தாழ 108 லட்சம் டன்னாக இருந்த எண்ணெய்வித்து உற்பத்தி, 1998-99-இல் 247 லட்சம் டன்னை எட்டியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சமையல் எண்ணெயில் நாம் தன்னிறைவின் அருகே நின்றோம். ஆனால் 1994-இல் பாமோலின் இறக்குமதி தாராளமாக்கப்பட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளில் இறக்குமதி வரியும் இறங்கியது. இன்று நாட்டின் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி. ஆண்டுக்கு ஏறத்தாழ 150 முதல் 160 லட்சம் டன். செலவு ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதில் பாமாயிலே பெரும்பகுதி.

இதற்கு இறக்குமதிக் கொள்கை மட்டும் காரணமன்று. 1960-களின் தொடக்கத்தில் தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 3 கிலோ எண்ணெய் உண்டோம். இன்று 19 கிலோவுக்கு மேல். மலிவான பாமாயில் ஏழையின் சமையலில் தாளிப்பைச் சாத்தியமாக்கியது என்பதை மறுக்க முடியாது. அதே மலிவு செங்கல்பட்டு, விழுப்புரம் மாவட்டங்களின் மானாவாரி நிலக்கடலை உழவரைச் சந்தையில் தோற்கடித்தது என்பதையும் மறுக்க முடியாது. ஆய்வுக்காக ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் நான் அமர்ந்திருந்த நாள்களில், உலகச் சந்தையில் பாமாயில் இறங்கினால் திண்டிவனத்தில் மல்லாட்டை மூட்டையின் விலை இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

செக்குக்குத் திரும்பினால் இந்தச் சிக்கல் தீருமா? இங்குதான் அச்சயா கற்றுத்தரும் அளவை தேவைப்படுகிறது. செக்கில் ஆட்டிய பிண்ணாக்கில் பத்து சதவீதத்துக்கும் மேல் எண்ணெய் தங்கிவிடும். எக்ஸ்பெல்லரில் அது குறையும். கரைப்பான் முறையில் ஒரு சதவீதம் அளவே எஞ்சும். பாதித் தேவையை இறக்குமதி செய்யும் நாடு தன் எண்ணெய் முழுவதையும் செக்கில் ஆட்டினால் இறக்குமதி கூடுமே தவிரக் குறையாது. அரிசித் தவிட்டில் உள்ள எண்ணெயைச் செக்கு தொடவே முடியாது. அரைத்த சில மணி நேரத்திலேயே தவிட்டில் உள்ள நொதி கொழுப்பைச் சிதைக்கத் தொடங்கிவிடும். உடனே பக்குவப்படுத்திக் கரைப்பானால்தான் எடுக்க வேண்டும். நெல் அரவை மிகுந்த தமிழ்நாட்டில் அது பெரிய வளம்.

மறுபக்கமும் உண்டு. செக்குப் பிண்ணாக்கில் தங்கும் எண்ணெய் முழுவதும் வீணாவதில்லை. மாட்டுக்கு அது செறிவான தீவனம். செக்கெண்ணெயில் மணமும் வித்துக்கே உரிய நுண்பொருள்களும் தங்குகின்றன. சுத்திகரிப்பில் அவற்றில் ஒரு பகுதி இழக்கப்படுகிறது. உள்ளூர் வித்தை உள்ளூரில் ஆட்டினால் உழவருக்கும் ஆட்டுபவருக்கும் வருமானம் ஊருக்குள் நிற்கும். ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: எந்த வித்துக்கு, எந்த அளவில், யாருக்காக எந்தப் பொறி?

செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, செக்கெண்ணெய் என்று விற்கப்படுவதைச் சோதிக்கும் வசதி மக்களுக்கு அருகில் வேண்டும். அமில எண், பெராக்சைடு எண், கலப்படம் ஆகியவற்றைக் கண்டறிய பெரிய கருவிகள் எப்போதும் தேவையில்லை. தாம்பரத்தைச் சுற்றியுள்ள கல்லூரிகளின் வேதியியல் துறைகள் மாதம் ஒருமுறை பொதுமக்கள் கொண்டுவரும் எண்ணெயைச் சோதித்துச் சொல்லலாம். மாணவருக்கு அதைவிடச் சிறந்த செய்முறை வகுப்பு இல்லை. இரண்டாவது, நியாயவிலைக் கடையில் பாமாயிலோடு தமிழ்நாட்டு நிலக்கடலை எண்ணெயையும் தேங்காயெண்ணெயையும் படிப்படியாக வழங்க வேண்டும் என்னும் உழவர்களின் கோரிக்கையை அரசு வட்டார அளவில் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். மானியச் செலவு எவ்வளவு, உழவருக்குக் கிடைக்கும் கூடுதல் விலை எவ்வளவு என்பதைச் சில வட்டங்களில் நடைமுறைப்படுத்தியே அறிய முடியும். மூன்றாவது, அச்சயாவின் செக்கு நூலும் எண்ணெய்வித்து வரலாறும் தமிழில் கிடைக்க வேண்டும்.

அவருடைய நூற்றாண்டு 2023-இல் வந்தது. அவர் படித்த இந்நகரில் அதையொட்டி எழுந்த பேச்சு என் காதுக்கு எட்டவில்லை. விழா எடுப்பதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. மாட்டுச் செக்கை ஓட்டிய கடைசித் தலைமுறையினர் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எத்தனை படி எள்ளுக்கு எவ்வளவு நீர், எப்போது கருப்பட்டி, எந்த ஓசை வந்தால் உலக்கையின் பாரத்தைக் கூட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர்களோடு போய்விடும். ஒரு குறிப்பேடும் தராசும் எடுத்துக்கொண்டு மாணவர்கள் அவர்களிடம் இவ்வாண்டே செல்ல வேண்டும்.